இரண்டாம் வகுப்பு மணல்

மஸ்கட்
9 மார்ச் 2008

அன்புத் தங்கச்சி அஜிஷாவுக்கு,

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் என் நம்பரைப் பார்த்தாலே வெட்டிவிடுகிறாய். மெயில் அனுப்பினால் திறக்காமலே அழித்துவிடுவாய். தபால் என்றால் போஸ்ட்மேன் இஸ்ரவேல் சைக்கிளை நிறுத்தி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போவார். அம்மா அதை உன் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, நீ பிரிக்கிற வரைக்கும் நகரமாட்டாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பழைய மேலதிகாரி சண்முகவடிவு மேடம் எங்கள் ஆபீசுக்கு எழுதியிருக்கிறார். கிழக்குக் கடலில் வாயு தேடி நீயும் நானும் வேலை செய்த அந்தப் பிளாக்கில் இனித் தோண்ட ஒன்றும் இல்லை என்றால், செப்டம்பர் முப்பதாம் தேதிக்குள் அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். 2005-ல் நீ சர்வே கப்பலில் மூன்று வாரம் இருந்தபோது எழுதிய நீல அட்டை நோட்டு இருக்கிறதல்லவா? அதில் கப்பல் போன ஒவ்வொரு லைனின் எண், கடல் நிலை எல்லாம் குறித்திருப்பாய். அதைக் கூரியரில் அனுப்பு.

இன்னொன்று. அந்தக் கிணற்றில் வாயுவுக்குப் பதில் தண்ணீர் வந்ததற்காக நீ வேலையை விட்டிருக்க வேண்டாம். இந்தத் தொழிலில் எத்தனையோ கிணறு காலியாகப் போகிறது. யாருக்கும் வருவதுதான். ரோஷத்தைக் கொஞ்சம் மடக்கி வைத்திருந்தால் இன்றைக்கு நீ சென்னையில் இருந்திருப்பாய். அண்ணன் என்ற முறையில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்
ஜான்ரோஸ்

*

கருங்கல்
28 மார்ச் 2008

திரு. ஜான்ரோஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியபடியே அம்மா வைத்துவிட்டு நகரவில்லை.

நோட்டு இருக்கிறது. அனுப்பமாட்டேன்.

யாருக்கும் வருவதுதான் என்கிறீர்கள். எனக்கு வந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. சந்தையில் அம்மாவின் வாழைக்குலைக் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருத்தர் கேட்டாராம்: "ராஜபாய், கடலுக்கு அடியில போயி வெள்ளம் கண்டுபிடிச்சது உனக்க மோளுதானே? எங்க கெணறு வத்திக் கெடக்கு, அவள ஒருக்க வரச்சொல்லு." அம்மா அங்கே சிரித்துவிட்டு வந்தாள். வீட்டில் சாப்பிடவில்லை. நான் இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன், காலையில் ஒரு பேட்ச், சாயங்காலம் ஒரு பேட்ச்.

அன்றைக்குத்தான் அம்மா முதல்முறையாகக் கேட்டாள், "அப்பிடி என்னதான் மோளே தெத்திப்போச்சு?" அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கப்பல் தண்ணீருக்குள் காற்றை வெடிக்கவைக்கும். பின்னால் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் இழுபடும், அதில் நெடுகக் காதுகள். வெடித்த சத்தம் கடலுக்கு அடியில் ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பி வரும். கப்பலுக்குப் பக்கத்துக் காது கேட்பது நேராகப் போய் வந்த எதிரொலி. தூரத்துக் காது கேட்பது சாய்ந்து போய் வந்தது. மணல் ஒன்றுதான், ஆனால் பக்கத்துக் காதுக்கு ஒரு பலமாகவும் தூரத்துக் காதுக்கு வேறொரு பலமாகவும் பேசும். அது எப்படி மாறுகிறது என்று பார்த்துத்தான் மணலை நான்கு வகுப்பாகப் பிரிப்போம். எங்கள் கடலில் எல்லோரும் தேடுவது மூன்றாம் வகுப்பு. பக்கத்திலேயே பலம், தூரம் போகப் போக இன்னும் பலம். அதில் வாயு இருக்க நல்ல வாய்ப்பு. நீங்கள் அனுப்பிய டேட்டாவைப் பார்த்து நான் மூன்றாம் வகுப்பு என்று எழுதினேன். தோண்டினார்கள், தண்ணீர் வந்தது.

அம்மாவிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். கிணறு காலியான பிறகு கூடிய கமிட்டியில் சண்முகவடிவு மேடம் உங்களைப் பார்த்துக் கேட்டார், "டேட்டாவைச் சீர்செய்யும்போது ஏதாவது வித்தியாசமாகச் செய்தீர்களா?" நீங்கள் ஃபைலைப் பார்த்துக்கொண்டே, "வழக்கமானதுதான் மேடம், சுத்தமான டேட்டா" என்றீர்கள். நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நீல நோட்டை எடுத்துப் பிரித்தேன். லைன் 214-க்கு நேரே, கப்பலில் அன்றே எடுத்த பிரிண்ட் ஒட்டியிருக்கிறது. யாரும் கைவைக்காதது. அந்த மணலின் எதிரொலியை ஸ்கேல் வைத்து அளந்தேன். பக்கத்தில் ஒன்பது மில்லிமீட்டர், தூரத்தில் ஐந்து. நீங்கள் சீர்செய்து அனுப்பியதில் பக்கத்தில் ஒன்பது, தூரத்தில் பதினான்கு.

கப்பலில் ஐந்தாக இருந்ததை மஸ்கட்டில் பதினான்காக வளர்த்தது யார்?

கைபடாத டேட்டாவையும், நீங்கள் அதற்குச் செய்த ஒவ்வொரு வேலையையும் வரிசையாக எழுதிய பட்டியலையும் அனுப்புங்கள். பிறகு நோட்டைப் பற்றிப் பேசலாம்.

அஜிஷா

*

மஸ்கட்
17 ஏப்ரல் 2008

ஏட்டி அஜிஷா,

'அவர்களுக்கு' என்று எழுத ஆபீசில் எனக்கு நாற்பது பேர் இருக்கிறார்கள். நீ வேண்டாம்.

ஸ்கேல் வைத்து ஜியோபிசிக்ஸ் செய்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். மூன்று வருஷம் நோட்டுக்குள் ஒட்டிக் கிடந்த காகிதம், அதுவும் கருங்கல் மழையில். சுருங்கியிருக்கும். கைபடாத டேட்டா கம்பெனி சொத்து, நினைத்தபடி அனுப்ப முடியாது. செப்டம்பருக்கு அதிக நாள் இல்லை. வாதாடாமல் நோட்டை அனுப்பு.

ஜான்ரோஸ்

*

கருங்கல்
6 மே 2008

ஜான்ரோஸ் அண்ணனுக்கு,

மழையில் சுருங்கினால் ஒன்பதும் சுருங்கியிருக்கும். ஐந்து மட்டும் தனியாகச் சுருங்காது. டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளே இதைச் சொல்லிவிடும்.

நோட்டில் மொத்தம் பதினோரு பிரிண்ட் இருக்கிறது. பதினொன்றையும் அளந்தேன். பதினொன்றிலும் தூரம் போகப் போக எதிரொலி குறைகிறது. உங்கள் டேட்டாவில் பதினொன்றிலும் கூடுகிறது. குறைந்தால் அது நான்காம் வகுப்பு. அந்த வகுப்பு என்றால் நான் அங்கே தோண்டு என்று எழுதியிருக்கவே மாட்டேன்.

என் தப்பும் இதில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சீர்செய்த டேட்டா எந்த ஆபீசிலிருந்து வந்தாலும் முதல் காரியமாக, என்னென்ன செய்தீர்கள் என்று பட்டியல் கேட்பேன். பட்டியல் வராமல் ஒரு கோடுகூடப் போடமாட்டேன். உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. அண்ணனிடம் போய்ப் பட்டியல் கேட்பதா என்று இருந்துவிட்டேன். வேலை போனபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை, இதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

நோட்டின் எழுபத்திரண்டு பக்கத்தையும் ஜங்ஷனில் ஜெராக்ஸ் எடுத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். உறையில் சண்முகவடிவு மேடத்தின் விலாசம் எழுதியாகிவிட்டது. ஜூன் பதினைந்துவரை காத்திருப்பேன்.

அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான்.

அஜிஷா

*

மஸ்கட்
27 மே 2008

அஜிஷா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

நான்தான் வளர்த்தேன்.

அந்த சர்வே நடந்தபோது கடல் கொந்தளிப்பு, உனக்கே தெரியும். தூரத்துக் காதுகளில் வந்ததெல்லாம் பலம் குன்றி, இரைச்சலாக இருந்தது. பிரிண்ட் போட்டால் பாதிப் படம் அழகாக, பாதிப் படம் அழுக்காக இருக்கும். மறுநாள் உங்கள் கம்பெனி ஆட்கள் பார்க்க வருகிறார்கள். நான் அப்போதுதான் தலைமைப் பதவிக்குக் காத்திருந்தேன். எல்லாக் காதுகளையும் ஒரே பலத்துக்குக் கொண்டுவந்து சமப்படுத்திவிட்டேன். தூரத்தில் இருந்ததையெல்லாம் ஒட்டுமொத்தமாகப் பெருக்கினேன். அதோடு அந்த மணலும் பெருகிவிட்டது. கடைக்கோடிக் காதுகள் எதற்கும் அடங்கவில்லை, அவற்றை வெட்டி எறிந்தேன். வந்தவர்கள் படத்தைப் பார்த்து மெச்சினார்கள். இப்படிச் செய்த டேட்டாவை வகுப்புப் பிரிக்கப் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சொல்வதற்குள் நீ மூன்றாம் வகுப்பு என்று எழுதிவிட்டாய். எல்லோரும் உன்னைக் கொண்டாடினார்கள். அதன் பிறகு, ஒருவேளை உண்மையிலேயே வாயு இருக்கலாமே என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். கமிட்டியில் மேடம் கேட்டபோது வாயைத் திறந்தேன். வேறு வார்த்தை வந்துவிட்டது.

பழைய டேட்டாவை மறுபடி சரிபார்க்க வெளியாளாக உன்னை வைத்துக்கொள்ளலாமா என்று மேடத்திடம் கேட்டேன். சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கைபடாத டேட்டா ஒன்பது டிஸ்கில் தனியாக வருகிறது. பட்டியல் உள்ளே இருக்கிறது. ஒன்றையும் விடவில்லை.

ஜான்ரோஸ்

*

கருங்கல்
20 ஜூலை 2008

அண்ணனுக்கு,

டிஸ்க் ஜூன் பத்தாம் தேதியே வந்தது. மூன்று நாள் பிரிக்கவில்லை. உன் கடிதத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருநாள் எனக்கு வந்த கோபத்தில் சட்டியில் கிடந்த மீன்குழம்பு கரிந்தது தெரியவில்லை. அம்மா, "ஏட்டி, அடுப்புல என்னத்த வச்சிருக்க?" என்று வந்து இறக்கினாள். அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை கணக்குப் பிழைத்தது எனக்குத்தான். நீ மஸ்கட்டில் பெரிய ஆபீசர்.

என்னோடு படித்த ஸ்மிதா இப்போது இன்ஜினியரிங் காலேஜில் லேப் பார்க்கிறாள். விடுமுறை என்பதால் அங்கே ஒரு கம்ப்யூட்டரை எனக்கு ஒதுக்கித் தந்தாள். டியூஷனுக்கு நடுவில் போவேன். கரண்ட் போனால் உட்கார்ந்திருப்பேன், வந்தால் தொடர்வேன். ஐந்து வாரம் ஆயிற்று.

பழைய மணல் நான்காம் வகுப்புதான். சந்தேகமே இல்லை. அது முடிந்த கதை, மேலே படி.

அதிலிருந்து நானூறு மீட்டர் கீழே இன்னொரு மணல் இருக்கிறது. எல்லாக் காதுகளையும் கூட்டிச் சேர்த்துப் பார்க்கிற படத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை. அதனால் நீ, நான், மேடம், யாருமே அங்கே பார்க்கவில்லை. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், பக்கத்தில் மெல்லிய எதிரொலி ஒரு பக்கமாக எழும்புகிறது. நடுவில் செத்துப்போகிறது. தூரத்தில் தலைகீழாகப் புரண்டு பலமாகக் கிளம்புகிறது. நீ வெட்டி எறிந்த கடைக்கோடிக் காதுகளில்தான் ஆகப் பலம். இரண்டாம் வகுப்பு, அதிலும் புரள்கிற ரகம். இந்தப் பக்கத்து ஏற்றமும் அந்தப் பக்கத்து இறக்கமும் கூட்டினால் பூஜ்யம்.

இதை அம்மாவிடம் கையால் வரைந்து காட்டினேன். வாழைக்குலைக்குச் சாக்கு சுற்றிக்கொண்டே கேட்டாள், "கிட்ட நிக்கிறவன் ஒண்ணு சொல்லுதான், தூர நிக்கிறவன் வேற ஒண்ணு சொல்லுதான். பின்ன எதுக்கு மக்களே ரெண்டையும் கூட்டுதிய? நாங்க ஒரு பலாச்சக்கைய வாங்கணும்னாலே நாலு பக்கமும் தட்டித் தட்டித் தனியாத்தான் கேப்போம்." கூட்டினால் இரைச்சல் குறையும் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். "செரி, இரைச்சல் கொறஞ்சுது. சக்கையும் போச்சு" என்றாள்.

எழுபது இடத்தில் பார்த்தேன், அறுபத்தொரு இடத்தில் இதே புரட்டு. மணலில் வாயு, தண்ணீர் இரண்டையும் நிரப்பிக் கணக்குப் போட்டேன். தண்ணீருக்கு இந்த அளவு புரள்வதில்லை. கொஞ்சூண்டு வாயு இருந்தாலும் ஏறக்குறைய இப்படியே காட்டும். அந்த ஆபத்தையும் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை எதையும் மறைக்கப்போவதில்லை.

ரிப்போர்ட் தயார், நகல் இதோடு வருகிறது. மேலே என் பெயர் இருக்கும். முதல் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். அதில், டேட்டாவைச் சமப்படுத்தியது நான், வெட்டியது நான், சொல்லாமல் விட்டதும் நான் என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செப்டம்பர் கமிட்டிக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து வாயாலும் சொல்ல வேண்டும்.

அஜிஷா

*

மஸ்கட்
5 ஆகஸ்ட் 2008

அன்பு அஜிஷா,

ரிப்போர்ட்டைப் படித்தேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை. கொள்ளாம், நல்லா செய்திருக்கிறாய்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். நவீன முறையில் டேட்டாவை மறுபடி சீர்செய்தோம், புதிய மணல் தெரிந்தது என்று முதல் பக்கத்தில் எழுதினால் போதாதா? அது பொய்யும் இல்லை. எப்படி எழுதினாலும் கிணறு நீ காட்டிய இடத்தில்தான் தோண்டுவார்கள். உன் பெயர்தான் மேலே இருக்கும். உனக்கு வேலையும் திரும்பக் கிடைக்கும். நீ சொல்கிறபடி எழுதினால் எனக்கு இந்த வேலை மட்டுமல்ல, எந்த ஆபீசிலும் வேலை இருக்காது. முப்பத்தாறு வயதில் நான் எங்கே போவேன்? அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆவாள்?

காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஜான்ரோஸ்

*

கருங்கல்
21 ஆகஸ்ட் 2008

அண்ணா,

முடியாது.

நீ சொல்கிற மாதிரி எழுதினால் அவர்கள் என்ன படிப்பார்கள் தெரியுமா? போன தடவை இவள் தெரியாமல் உளறினாள், இந்தத் தடவை அதிர்ஷ்டம் என்று படிப்பார்கள். நாளைக்கு நான் இன்னொரு மணலைக் காட்டினால் யார் நம்புவார்கள்? எனக்கு வேலை வேண்டும்தான். அதைவிட, என் கண்ணில் பழுதில்லை என்று தெரிய வேண்டும்.

அம்மா என்ன ஆவாள் என்று கேட்கிறாய். ஒன்றரை வருஷமாக அவள் சந்தையில் பேச்சு வாங்குகிறாளே, அது என்னவாம்? அத்தனையும் எனக்காக வாங்குகிறாள். உன் போட்டோவைத் துடைத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் உனக்காகப் பொய் எழுதவும் கை வராது.

உறையை இன்னும் தபாலில் போடவில்லை. போடப்போவதும் இல்லை. நீயாகச் சொன்னால்தான் அதற்கு மதிப்பு. நீ வரவில்லை என்றால் ரிப்போர்ட்டையும் கொடுக்கமாட்டேன். பிளாக் திரும்பிப் போகட்டும். அந்த மணல் எத்தனையோ கோடி வருஷமாக அங்கே கிடக்கிறது, இன்னும் கிடக்கும். கமிட்டி செப்டம்பர் பதினெட்டாம் தேதி. நான் பதினேழாம் தேதி ராத்திரி வண்டிக்கு டிக்கெட் போடவில்லை. முதல் பக்கம் வந்தால்தான் போடுவேன்.

அஜிஷா

*

சென்னை
18 செப்டம்பர் 2008

அஜிஷாவுக்கு,

முதல் பக்கத்தைத் தபாலில் அனுப்பியிருந்தால் உனக்கு வந்து சேர்வதற்குள் தேதி தாண்டியிருக்கும். அதனால் ஸ்மிதாவின் லேபுக்கு ஃபேக்ஸ் செய்தேன். ரிப்போர்ட்டைக் கமிட்டிக்கு அனுப்பிவிட்டு நீ மட்டும் வராமல் இருந்துவிட்டாய். கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, நீ பக்கத்தில் இருந்தால் நான் உன் முகத்துக்காகச் சொன்னது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறாய்.

அதே அறை, அதே நாற்காலி. சண்முகவடிவு மேடம் முதல் பக்கத்தைப் படித்தார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மிஸ்டர் ஜான்ரோஸ், 2007-ல் இதே கேள்வியை உங்களிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்றேன். "அன்றைக்கு என்ன சொன்னீர்கள்?" பொய் சொன்னேன் மேடம் என்றேன். எதிரே எங்கள் ஆபீஸ் டைரக்டர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஃபைலைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு மூன்று மணி நேரம் உன் ரிப்போர்ட்டைத்தான் பேசினார்கள். என்னை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. பிளாக்கைத் திருப்பிக் கொடுப்பதில்லை, கால நீட்டிப்புக் கேட்பது, உன் மணலைத் தோண்டுவது என்று முடிவு. மேடம் உனக்குத் தனியாக எழுதுவார். வேலைக்குத் திரும்பி வரச் சொல்வார். நீ கொஞ்சம் பிகு பண்ணு, உடனே ஒத்துக்கொள்ளாதே.

என்னை ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள், "இத்தன நாளு அவள நெனச்சு அழுது கரஞ்சேன். இனி உன்ன நெனச்சுக் கரையணும். எப்பிடியானாலும் எனக்குக் கரச்சல்தான். நீ வீட்டுக்கு வா மக்கா."

வருகிறேன். கதவைத் திறப்பாயா என்று தெரியவில்லை.

ஜான்ரோஸ்

*

டிரில்லிங் ரிக், கிழக்குக் கடல்
14 பிப்ரவரி 2010

அன்புள்ள அண்ணா,

அம்மா சொன்னாள், என் டியூஷன் பிள்ளைகளுக்கு என்னைவிட நீதான் நன்றாகச் சொல்லித் தருகிறாயாம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அன்றைக்கு நீ வந்து நின்றபோது நான் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் சோறு போட்டேனே தவிர, சரியாகப் பேசவில்லை. இங்கே வந்த பிறகுதான் பேச வருகிறது.

நேற்றுக் காலை பத்தேகாலுக்கு டிரில் அந்த மணலைத் தொட்டது. நான் சொன்ன ஆழத்துக்கு ஆறு மீட்டர் மேலே. பதினோரு மீட்டர் மணல், வாயு. கொஞ்சூண்டு வாயு இல்லை, நிறைந்த வாயு. முப்பது மீட்டர் இருக்கும் என்று எழுதியிருந்தேன், அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் இருக்கிறது. சண்முகவடிவு மேடம் போனில், "இரண்டாம் வகுப்புதான் அஜிஷா" என்று மட்டும் சொன்னார். நான் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன். சந்தையில் கேட்டவரிடம் அம்மாவைப் போய்ச் சொல்லச் சொல்.

இப்போது உன் விஷயம். இதற்குத் தெற்கே அடுத்த பிளாக்கில் ஜனவரியில் சர்வே முடிந்திருக்கிறது. டேட்டாவைச் சீர்செய்ய ஆள் வேண்டும். இங்கே கிளம்பும் முன்பே சென்னையில் மேடத்திடம் உன் பெயரைச் சொன்னேன். மேடம் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "நிச்சயமாகவா?" என்றார். "இந்தத் தொழிலில் நான் பார்த்தவரை, தான் செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர் ஒருத்தர்தான்" என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். டிஸ்குகள் அடுத்த வாரம் கருங்கலுக்கு வரும். ஸ்மிதாவிடம் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டேன்.

கடைக்கோடிக் காதுகளை வெட்டாதே. அழுக்காக இருந்தால் அழுக்காகவே அனுப்பு.

அப்புறம் பட்டியல். முதலில் செய்தது, அடுத்துச் செய்தது, செய்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டது, எல்லாம் வரிசையாக வேண்டும், கீழே உன் கையெழுத்தோடு. போன தடவை நீ என் அண்ணன் என்பதால் நான் கேட்கவில்லை. இந்தத் தடவை அண்ணன் என்பதால்தான் கேட்கிறேன்.

உன் தங்கச்சி
அஜிஷா